ஆற்றில் இறங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பினாங்கு ஆற்றின் முகத்துவாரப் பக்கம் கோத்தோங் ரோயோங் எனும் கூட்டுத் துப்புரவுப் பணி வைப்பவர்கள் முதலில் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்க வேண்டும். வற்றும் நேரத்தில்தான் சேற்றில் புதைந்த குப்பை தெரியும். நீர் ஏறத் தொடங்கியதும் கரையேறிவிட வேண்டும்.

கறுப்பு பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரக் குப்பையோடு இழுத்தால் அடி கிழிந்து, எல்லாம் மறுபடி ஆற்றிலேயே கொட்டும். நெய்த அரிசிச் சாக்கு என்றால் தண்ணீர் வடிந்துவிடும், அதையும் பாதிதான் நிரப்பலாம். ரப்பர் பூட்ஸுக்குள் நீர் புகுந்தால் காலைத் தூக்கவே முடியாது. கயிறு இறுக்கிய பழைய சப்பாத்தே மேல். கையில் காலில் வெட்டுக்காயம் உள்ளவர் கரையில் நின்று சாக்கு கட்டட்டும். எலிக்காய்ச்சல் கிருமி புண்வழி எளிதில் ஏறும்.

டி-சட்டை அச்சடிப்பதில் காட்டும் அக்கறையில் பாதியாவது லோரி ஏற்பாட்டில் இருக்கட்டும். கரையில் விட்ட மூட்டையை அடுத்த மழை திரும்ப ஆற்றுக்குள் தள்ளிவிடும்.

வாசகர், ஜெலுத்தோங்