நடை இலக்கு நாளுக்கா, வாரத்துக்கா?

ஐயா,

நடைப்பயிற்சிக்குத் தூண்டும் கைபேசிச் செயலிகளைப் பாராட்டிய தங்கள் தலையங்கத்தை வாசித்தேன். இச்செயலிகளில் பல, எல்லோருக்கும் நாளொன்றுக்கு 10,000 காலடிகள் என்ற ஒரே இலக்கையே வைக்கின்றன. இந்த எண் மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று; 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின், ‘பத்தாயிரம் அடி’ எனப் பொருள்படும் பெயரிலிருந்து பரவியது. உலக சுகாதார நிறுவனமோ பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்று வாரக் கணக்கே சொல்கிறது. நாளும் 3,000 அடி நடப்பவரிடம் 10,000 கேட்டு, ஒரு நாள் காய்ச்சலில் படுத்ததற்காக, விடாமல் இலக்கை எட்டிய நாள்களை எண்ணும் தொடர்நாள் கணக்கையும் பூஜ்யமாக்கினால், அவர் செயலியையே நீக்கிவிடுவார்.

எண்ணிக்கையிலும் குறை உண்டு என்பதைச் செயலி வடிவமைப்பில் பணிபுரிபவன் என்ற முறையில் அறிவேன். ஆண்ட்ராய்டு கைபேசியின் அடி உணரி, கைபேசியை அணைத்துப் போட்டால் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். முந்தைய எண்ணைச் சேமிக்காத செயலியில் காலை நடை காணாமல் போகும். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு வீட்டு வேலை செய்யும் பெண்களின் அடிகள் கணக்கிலேயே ஏறுவதில்லை (சேலைக்குச் சட்டைப்பை கிடையாதே!). ஆகவே முதல் வாரம் இலக்கின்றி எண்ண மட்டும் செய்து, அந்த ஏழு எண்களை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதுடன் 500 கூட்டி அடுத்த வார இலக்காக வைக்கலாம். வாரம் இரு நாள் ஓய்வும், விடுபட்ட நடையைக் கையால் பதியும் வசதியும் வேண்டும். அரசு வெளியிடும் செயலிகளேனும் இதைத் தொடங்கிவைக்கட்டும்.