பொரிவிளங்காய்க்குச் செய்முறை போடும்போது பாகையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய பலகாரங்களின் செய்முறை வந்தால் விடாமல் படிக்கிறவள் நான். பொரிவிளங்காய் உருண்டைக்கு வந்ததையும் படித்தேன். சாமான் எல்லாம் சரியாகவே இருந்தது, வறுத்த புழுங்கலரிசி, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, கொஞ்சம் கோதுமை, சுக்கு, ஏலக்காய், பல்லுப்பல்லாகக் கீறி வறுத்த தேங்காய், வெல்லம். அப்புறம் பார்த்தால், 'வெல்லத்தைப் பாகு காய்ச்சி மாவில் ஊற்றி உருண்டை பிடிக்கவும்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார்கள். என்ன பாகு, எவ்வளவு நேரம், எப்படி ஊற்றுவது, ஒன்றும் இல்லை. சாமான் பட்டியல் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும், காணாமல் போனது அந்த ஒரு வரிக்குள் இருப்பதுதான்.

அதிரசத்துக்கு, பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மெத்தென்று திரண்டு வந்தால் போதும். பொரிவிளங்காய்க்கு அது பத்தாது. திரட்டி எடுத்ததைக் கிண்ணத்தில் போட்டால் டங்கென்று சத்தம் வரவேண்டும். சர்க்கரைப்பாகுக்கான வெப்பமானி வைத்திருப்பவர்களுக்குச் சொல்வதானால், முதலாவது 115 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும், இரண்டாவது 120-ஐத் தாண்டித்தான் வரும். இடையில் நின்றுவிட்டால் உருண்டை மறுநாளே நமுத்துப்போகும், ரொம்பத் தாண்டினால் பிடிக்கவே வராது. அதோடு மொத்த மாவிலும் பாகை ஒரேயடியாக ஊற்றவும் கூடாது. தாம்பாளத்தில் மாவைக் கொட்டி நடுவில் குழி பறித்து, கரண்டி கரண்டியாக விட்டு, கரண்டிக் காம்பால் கிளறி, அரிசி மாவைக் கையில் தொட்டுக்கொண்டு சூடு ஆறுவதற்குள் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஒருத்தர் பாகு விட, இரண்டு பேர் பிடிக்க என்று ஆள் வேண்டும். தனியாளாகச் செய்கிற பலகாரமே இல்லை இது. வீட்டில் ஆள் குறைந்தபோதே பொரிவிளங்காயும் குறைந்துவிட்டது என்பது என் கணிப்பு. கல்லை வைத்துத் தட்டித்தான் உடைக்கவேண்டும், இந்தக் காலத்துப் பல்லுக்கு ஆகாது என்பதெல்லாம் அப்புறம் வந்த சாக்கு.

அளவு அடுத்த தகராறு. பழைய நோட்டுகளில் படி, ஆழாக்கு, பலம், வீசை என்றுதான் இருக்கும். 1958-ல் கிலோ, கிராம் வர ஆரம்பித்து சில வருஷங்களில் பழைய எடைகள் கடைகளை விட்டுப் போனாலும் அடுப்படியில் அவை ரொம்ப நாள் கிடந்தன. 8 ஆழாக்கு ஒரு படி, 40 பலம் ஒரு வீசை, ஒரு பலம் சுமார் 35 கிராம், இதெல்லாம் இன்னும் சிலருக்கு நினைவிருக்கும். ஆனால் எந்தப் படி? பட்டணம் படி வேறு, ஊர்ப்படி வேறு. '1 படி மாவுக்கு 1 வீசை வெல்லம்' என்று எழுதியிருப்பதை இன்றைக்குக் கையில் கிடைக்கிற டம்ளரில் அளந்துவிட்டு, ஆச்சி எழுதியது தப்பு என்று சொல்வது நியாயமில்லை. அந்த வீட்டுப் படி பரணில் கிடந்தால் இறக்கி, அதில் அரிசியை நிரப்பித் தராசில் வையுங்கள், அப்போதுதான் அந்த நோட்டு பேசும்.

கல்யாணச் சமையல் செய்கிற தவசுப்பிள்ளைகளின் நோட்டு கிடைத்தால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவை கல்யாணத்துக்கு எழுதிய கணக்கு. அதை அப்படியே வகுத்து நாலு பேருக்குச் செய்தால் சிறிய உருளியில் பாகு கண்ணிமைக்கும் நேரத்தில் பதம் தாண்டிவிடும். பக்கத்திலேயே நிற்கவேண்டும், தீயையும் குறைக்கவேண்டும்.

வெல்லத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். சீனி கலந்து வெல்லம் காய்ச்சுகிற ஆலைகளில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனை போட்டார்கள், மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்தார்கள் என்று உங்கள் செய்திப் பக்கத்திலேயே அடிக்கடி வருகிறது. அப்படிப்பட்ட வெல்லத்தில் பாகு வைத்தால் சீக்கிரம் பூத்து மணல் மணலாகிவிடுகிறது. செய்தவர் என்ன பண்ணுவார், பாவம், கை சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். செய்முறை போடும் அன்றைக்கு எந்த வெல்லம், எப்படிப் பார்த்து வாங்குவது என்று நாலு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

பெரியவர்களிடம் கேட்கும் முறையையும் மாற்றவேண்டும். 'எவ்வளவு சுக்கு போடணும் ஆச்சி?' என்று கேட்டால் 'கொஞ்சம்' என்றுதான் பதில் வரும், அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கையால் அளந்தவர்கள். செய்யச் சொல்லி, அவர்கள் அள்ளிப் போடுவதற்கு முன்னால் கையை நீட்டி வாங்கி எடை போட்டு எழுதிக்கொள்ளவேண்டும். கோபப்படுவார்கள், பரவாயில்லை. மாவை மில்லில் கொடுக்கும்போது எதற்குப் பின்னால் அரைக்கச் சொல்வார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் வற்றலுக்குப் பின்னால் அரைத்த பொரிவிளங்காய் மாவைத் தின்றவர்களுக்குக் காரணம் புரியும்.

அச்சில் தேடுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ்ப் புத்தகங்கள் ஏராளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரே பெயரில் தேடி ஓய்ந்துவிடாதீர்கள், பொருள்விளங்காய், பொருவிளங்கா என்றெல்லாம் ஊருக்கு ஊர் மாற்றி எழுதியிருப்பார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். செய்முறை அனுப்பும் வாசகரிடம் எந்த ஊர், எந்தப் படி, என்ன பாத்திரம், விறகா கேஸா, எத்தனை உருண்டை வந்தது என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். நடிகைக்குப் பிடித்த பலகாரம் என்று பெரிதாகப் படம் போடும் இடத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இதற்கு இடம் வந்துவிடும். கூடவே, தேடுகிறவர்கள் கேட்கவும் தெரிந்தவர்கள் பதில் எழுதவும் வாரம் ஒரு சின்னப் பெட்டி ஒதுக்குங்கள்.

முதல் கேள்வியை நானே கேட்டு வைக்கிறேன். வெல்லத்துக்குப் பதில் கருப்பட்டியில் பொரிவிளங்காய் பிடிக்கிறவர்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருந்தால், ஒரு கிலோ மாவுக்கு எத்தனை கிராம் கருப்பட்டி, அந்த வருஷத்துக் கருப்பட்டியா பழசா, பாசிப்பருப்பைத் தோலோடு வறுப்பீர்களா என்பதை எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்பாசமுத்திரம்