ஈர மண்ணில் விழக் கற்றுக்கொடுத்தவருக்கு

இந்திய அணிக்கு ஆடிய ராபின் சிங் சாருக்கும், அவரை வளர்த்தெடுத்த சென்னைக் கிரிக்கெட்காரர்களுக்கும், எங்கள் ஊர்க்காரர்களுக்கும் வணக்கம்.

பள்ளிப் பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இந்த ஜூனோடு பதினைந்து வருடம் ஆகிறது. பேட்டிங்கும் மிதவேகப் பந்துவீச்சுமாக லீக்கில் கொஞ்ச காலம் ஆடிவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் நான். யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறேன் என்று யோசித்தால், நினைவு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய் நிற்கிறது.

1998 ஜனவரி 18. பொங்கல் முடிந்து வாசலில் கிடந்த கரும்புச் சக்கை கூடக் காயவில்லை. டாக்காவில் பாகிஸ்தானோடு இறுதி ஆட்டம். 48 ஓவரில் 315 அடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது மலை. டிவி வைத்திருந்த மாமா வீட்டு ஜன்னலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் தொங்கிக்கொண்டிருந்தோம். சச்சின் அவுட். ராபின் சார், மூன்றாவதாக நீங்கள் இறங்கி வருகிறீர்கள். "இவரையா அனுப்புறாங்க?" என்றார் மாமா. கங்குலியும் நீங்களும் சேர்த்தது 179 ரன். உங்கள் 82-இல் என் மனதில் நின்றது, ஒரு ரன்னை இரண்டாக்கி ஓடிய அந்த ஓட்டம்தான். வெளிச்சம் மங்கிய நேரத்தில் கனிட்கர் பவுண்டரி அடித்ததும் தெருவே கத்தியது. அன்று எங்களைத் துரத்தாத மாமாவுக்கும், ஜன்னல் வழியே முறுக்கு நீட்டிய மாமிக்கும் நன்றி.

டிரினிடாடில் பிறந்து, எண்பதுகளில் சென்னைக்கு வந்தவர் நீங்கள். 1989-இல் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம், அதுவும் போர்ட் ஆஃப் ஸ்பெயினில். இரண்டே ஆட்டம். மூன்றாவதற்கு 1996 வரை காத்திருந்தீர்கள். ஏழு வருடம்! 33 வயதில் திரும்பி வந்து, மொத்தம் 136 ஒருநாள் ஆட்டங்கள். டெஸ்ட் மட்டும் ஒன்றே ஒன்று, ஹராரேயில். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

காத்திருந்த காலத்தில் உங்களுக்கு ஆடக் களம் கொடுத்தது தமிழ்நாட்டுக் கிரிக்கெட். 1987-88-இல் உங்களோடு சேர்ந்து ரஞ்சிக் கோப்பை வென்றவர்களுக்கும், லீக் கிளப்புகளைக் கைக்காசு போட்டு நடத்தியவர்களுக்கும், வெயிலில் பிட்ச் உருட்டியவர்களுக்கும் நன்றி. அவர்கள் இல்லையென்றால் டாக்காவில் நீங்கள் இறங்கியிருக்க முடியாது.

2007-இல் டி20 உலகக் கோப்பை வென்ற அணிக்கு நீங்கள்தான் ஃபீல்டிங் பயிற்சியாளர் என்று படித்தபோது, நம் வீட்டு ஆளுக்கு வேலை கிடைத்த மாதிரி சந்தோஷம். அப்புறம் மும்பை இந்தியன்ஸ், அமீரகம் என்று பயிற்சி கொடுக்கப் போனீர்கள். ஆட்டம் முடிந்த பிறகும் மைதானத்தை விடாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது உங்களைப் பார்த்துத்தான்.

எங்கள் மைதானம் செம்மண்ணும் சரளையும். பந்தைப் பாய்ந்து பிடிக்கும்போது விழப் பையன்கள் பயப்படுவார்கள். அதனால் மைதானக் காவலர் அண்ணன் காலை ஆறு மணிக்கே ஒரு மூலையில் தண்ணீர் விட்டு, மண்ணைப் பதமாக்கி வைப்பார். கூலி எதுவும் வாங்கியதில்லை. முதலில் முட்டி போட்டுச் சாய வேண்டும். "முழங்கையை ஊன்றாதே, நெஞ்சு தரையில் வழுக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே பந்தை உருட்டுவேன். அந்த அண்ணனுக்கும், செம்மண் கறையைத் துவைத்துத் துவைத்துச் சலிக்காத அம்மாக்களுக்கும் எப்படி நன்றி சொல்வேன்?

போன வாரம் எட்டாவது படிக்கும் ஒருவன் பாயிண்ட் என்கிற ஃபீல்டிங் இடத்தில் நின்று பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தான். எழுந்ததும் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிராய்ப்பே இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்து எனக்குக் காட்டினான்.

அன்புடன்,
ஒரு பள்ளிப் பயிற்சியாளர்