நடுக்கடல்ல எண்ணெய் ஊத்தற கப்பலப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், பிரம்மோஸ் ஏவுகணை, புதுசா வர்ற நீர்மூழ்கின்னு நம்ம பேப்பர்ல கலர் படத்தோட அரைப் பக்கம் வருது, சந்தோசமுங்க, நானும் விடாம படிக்கறேன். ஆனா இந்தக் கப்பலுக்கெல்லாம் நடுக்கடல்ல எண்ணெய் யாரு ஊத்தறாங்க, அரிசி பருப்புல இருந்து குண்டு வரைக்கும் யாரு கொண்டு போய்க் குடுக்கறாங்கன்னு ஒரு வரி கூட வர மாட்டேங்குது. அதையும் எழுதோணும்னு கேக்கத்தான் இந்தக் கடுதாசி.

விக்ராந்த் ஒருக்கா டேங்க் நெரப்புனா 7,500 நாட்டிகல் மைல், அதாவது கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர் போகும்னு சொல்றாங்க. ஆனா அது தனியா போற கப்பல் இல்லீங்களே, கூட காவலுக்கு வர்ற டெஸ்ட்ராயர், ஃபிரிகேட்ங்கற போர்க்கப்பலெல்லாம் அவ்வளவு தூரம் தாங்காது, அதுவும் கேஸ் டர்பைன் போட்டு முழு வேகத்துல ஓட்டுனா எண்ணெய் மளமளன்னு எறங்கிரும், விமானத்துக்கு வேற தனி எரிபொருள் வேணும். எண்ணெய் ஊத்தற டேங்கர் கப்பல் பக்கத்துல இல்லீன்னா மொத்தப் படையும் துறைமுகத்தப் பாத்துத் திரும்ப வேண்டியதுதான். நூல் வண்டி வரலீன்னா சோமனூர்ல தறி என்ன கதியாகும்னு நமக்குத் தெரியாததா?

அந்த எண்ணெய் ஊத்தற வேலையே பெரிய வித்தைங்க. ரெண்டு கப்பலும் நிக்கறதில்ல, 12, 15 நாட் வேகத்துல, அதாவது மணிக்கு 22, 28 கிலோமீட்டர்ல ஓடிட்டே இருக்கும், நடுவுல 40, 50 மீட்டர் எடம்தான், மொதல்ல துப்பாக்கி மாதிரி ஒண்ணுல சன்னக் கயிறச் சுட்டு அனுப்பி, அதப் புடிச்சு தடிக் கயிறு, அப்புறம் இரும்பு வயர், அதுல தொங்கிட்டு ஓஸ் பைப்பு போகும். ரெண்டு கப்பலுக்கு நடுவுல ஓடற தண்ணியோட அழுத்தம் கொறையறதால ஒண்ண ஒண்ணு இழுக்கும், சுக்கான் புடிக்கறவரு கொஞ்சம் அசந்தாலும் மோதிரும். மணிக்கணக்குல இப்படிக் கட்டிப் போட்டாப்ல போறப்ப எதிரி வந்தா சட்டுன்னு திரும்பவும் முடியாது. இந்த வேலைய ராத்திரியிலயும் காத்து மழையிலயும் செய்யறாங்க நம்ம பசங்க.

இம்புட்டுக்கும் நம்ம நேவிகிட்ட இருக்கற பெரிய டேங்கருங்க நாலுதான். ஜோதி 1996ல ரஷ்யாவுல இருந்து வந்தது, ஆதித்யா 2000ல கொல்கத்தாவுல கட்டுனது, தீபக்கும் சக்தியும் 2011ல இத்தாலில இருந்து வந்தது. இதுல ஒண்ணு ரிப்பேருக்குப் போனா மிச்சம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. 2023 ஆகஸ்ட்லதான் விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுக்கு இந்த மாதிரி அஞ்சு புது சப்ளை கப்பலுக்கு ஆர்டர் குடுத்தாங்க, கிட்டத்தட்ட 19,000 கோடி ரூபா, ஒவ்வொண்ணும் 44,000 டன், அதாவது ஏறக்கொறைய விக்ராந்த் எடை. இத பத்து வருசம் முன்னாடியே செஞ்சிருக்கோணும்னு நான் அழுத்தமாவே சொல்லுவேன்.

சப்ளை கப்பல் அழிஞ்சு போனா என்னாகும்னு, பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதுன 1982 ஃபாக்லாந்து தீவுச் சண்டையப் படிச்சாப் போதும். பிரிட்டன் வாடகைக்கு எடுத்துட்டுப் போன அட்லாண்டிக் கன்வேயர்ங்கற கன்டெய்னர் கப்பல மே 25ல அர்ஜென்டினா ஏவுகணை அடிச்சிருச்சு, உள்ள இருந்த பெரிய சினூக் ஹெலிகாப்டர் மூணும் போச்சு. அதுல பறந்து போக வேண்டிய சிப்பாய்ங்க, முதுகுல மூட்டையோட குளிர்லயும் சேத்துலயும் அந்தத் தீவு நெடுக நடந்தே போனாங்க.

எண்ணெய் மட்டுமில்லீங்க. 2025 ஜூலைல நம்ம நேவில சேந்த நிஸ்தார், நீர்மூழ்கி அடில மாட்டுனா ஆளுங்களத் தூக்கற குட்டி மீட்புக் கலத்தச் சுமந்துட்டுப் போற தாய்க் கப்பல். 2021ல இந்தோனேசியாவோட நங்காலா நீர்மூழ்கி 53 பேரோட முழுகுனப்ப அந்த மாதிரி மீட்புக் கலத்த விசாகப்பட்டினத்துல இருந்து நாமதான் அனுப்பினோம், போய்ச் சேரறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சுங்கறது வேதனை. 2020 கொரோனா நேரத்துல கொழும்பு, மாலேல தவிச்ச நம்ம ஆளுங்களத் தூத்துக்குடில கொண்டாந்து எறக்குனது, படை வீரருங்களயும் வண்டிங்களயும் ஏத்திட்டுப் போற நேவி கப்பல் ஜலஷ்வா.

இத கோயமுத்தூர்க்காரன் எதுக்குச் சொல்றேன்னு கேக்கலாம். ஒரு சப்ளை கப்பல்ல உள்ள போனா எங்க பாத்தாலும் பம்ப், வால்வு, மோட்டார், பைப்பு, வின்ச்சுதானுங்க. அதெல்லாம் ஆவாரம்பாளையமும் கணபதியும் காலங்காலமா கை வெச்ச தொழில். அந்த அஞ்சுல ரெண்டு கப்பல் நம்ம தமிழ்நாட்டுலயே காட்டுப்பள்ளி எல் அண்ட் டி யார்டுல கட்டறாங்க, கோவை, சேலம் ரெண்டும் ராணுவத் தளவாடத் தொழிலுக்குன்னு அரசாங்கம் ஒதுக்குன டிஃபன்ஸ் காரிடார்ல இருக்கு, கடலே இல்லாத நம்ம ஊர்ல ஐஎன்எஸ் அக்ரணின்னு நேவியோட பயிற்சி மையம் இருக்கு. ஆனா கிணத்துப் பம்புக்கு ஊத்தற வார்ப்பிரும்பு உப்புத் தண்ணில நிக்காது, வெண்கலக் கலவையோ, உப்பு அரிக்காத டியூப்ளெக்ஸ் ஸ்டீலோ வேணும், பக்கத்துல குண்டு வெடிச்சாலும் ஓடுற மாதிரி அதிர்ச்சி டெஸ்ட் பாஸ் பண்ணோணும், அதுக்கு சர்டிஃபிகேட் வாங்கோணும். இது எங்க, எப்படி, எவ்வளவு செலவுன்னு சின்ன ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறவனுக்கு யாரும் சொல்றதில்ல, நானும் ரெண்டு மூணு எடத்துல கேட்டுப் பாத்துட்டேன், பெரிய கம்பெனிக்குத்தான் பதில் வருது.

அதனால ஞாயித்துக்கெழமை ஒரு பக்கமாவது ஒதுக்கி, இந்தக் கப்பலுக்கு என்னென்ன பாகம் வேணும், யாரப் பாக்கோணும், எந்த டெஸ்ட் எங்க நடக்குதுன்னு தொடரா போடுங்க. நம்ம ஊரு சிறுதொழில் சங்கமான கொடிசியாவும் ரெண்டு ஷிப்யார்டு ஆளுங்களயும் வரவெச்சு சின்ன யூனிட்டுக்காரங்களோட நேர்ல பேச ஒரு நாள் ஏற்பாடு பண்ணோணும், தமிழ்லயே பேசோணும். ஆர்டர் குடுத்தாச்சு, தகடு வெட்ட ஆரம்பிச்சாச்சு, பம்பு யாருகிட்ட வாங்கறதுன்னு இப்பத்தான் முடிவாகும்.

இப்படிக்கு,
பம்ப் உதிரிபாக ஒர்க்‌ஷாப் நடத்தும் வாசகர்,
ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்.