‘சந்தேகம் இல்லை’ என்று கையெழுத்து வாங்கும் முன்

வட மாகாணச் சுகாதாரத்துறைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் மத்திய சுகாதார அமைச்சில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒருவர் எதிர்பாராமல் இறந்தால் “விசாரணை நடத்தப்படும்” என்று உடனே அறிவிக்கிறீர்கள், அதோடு சரி. யார் விசாரித்தார்கள், என்ன கண்டார்கள், அந்த வார்ட்டில் ஏதாவது மாறியதா, எதுவுமே குடும்பத்துக்குத் தெரியவராது.

என் சித்தப்பா ஓர் அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் இறந்துபோனார். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து சித்தியிடம் “மரணத்தில ஏதும் சந்தேகம் இருக்கோ?” என்று கேட்டார். ஓம் என்றால் பிரேதப் பரிசோதனை, உடம்பை வெட்டுவார்கள், வீட்டுக்குக் கொண்டுவரச் சுணங்கும் என்று பக்கத்தில் நின்றவர்கள் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வீட்டில் பந்தல் போட்டாயிற்று, ஐயருக்கும் சொல்லியாயிற்று. சித்தி இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தா. எட்டுச் செலவு முடிந்து சனம் கலைந்த பிறகுதான், இரவு வலிக்குது என்று அவர் கூப்பிட்டபோது யார் வந்து பார்த்தது, ஏற்றின மருந்து என்ன என்று கேட்கத் தொடங்கினா. அப்போது உடம்பும் இல்லை, கையில் இருந்தது இறப்புச் சான்றிதழில் ஒரு வரி மட்டும். போய்க் கேட்டால், நீங்கள்தானே சந்தேகம் இல்லை என்று எழுதித் தந்தீர்கள் என்கிறார்கள்.

அந்த நேரத்தில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், நல்ல சட்டம்தான். ஆனால் ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவருடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் தர மறுக்கலாம் என்று அதன் 5 ஆம் பிரிவு சொல்கிறது. இறந்தவர் எப்படி எழுதித் தருவார்? பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்று அதே பிரிவில் இருப்பதையும் பாருங்கள்.

வைத்தியர்கள்மேல் பழிபோட நான் இதை எழுதவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் நித்திரை இல்லாமல் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிறோம். நீங்கள் வாய் திறக்காமல் இருப்பதால் அடிபடுவதும் அவர்கள்தான், ஏனென்றால் அறிக்கை வராத இடத்தில் முகநூலே தீர்ப்பு எழுதிவிடுகிறது. 2024 யூலையில், சாவகச்சேரி ஆஸ்பத்திரியின் குறைகளை வெளியே சொன்ன வைத்தியருக்கு ஆதரவாக அதன் வாசலில் அவ்வளவு சனம் திரண்டதற்குப் பின்னால் இருந்த கோபம் ஒரே நாளில் வந்ததில்லை.

இது முடியாத காரியமும் இல்லை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக ஆராயும் முறை இந்த நாட்டில் பல காலமாக இருக்கிறது, தாய் மரணங்கள் இவ்வளவு குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. அந்த அக்கறை மற்ற வார்ட்டுகளுக்கு ஏன் வரக்கூடாது? இங்கிலாந்தில் 2014 முதல், சிகிச்சையில் பெரிய தவறு நடந்தால் நோயாளிக்கோ குடும்பத்துக்கோ உள்ளதைச் சொல்லவேண்டும் என்பது சட்டம்.

நாங்கள் கேட்பது பெரிசு ஒன்றும் இல்லை. கையெழுத்து வாங்கும் முன் பிரேதப் பரிசோதனை என்றால் என்ன, அதை மறுத்தால் பிறகு எது தெரியாமலே போகும் என்று ஒருவர் இருந்து தமிழில் ஆறுதலாக விளங்கப்படுத்தட்டும். மரணம் நடந்த அன்றே வார்ட் ரிக்கெற்றை, அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள் எழுதும் பதிவை, பிரதி எடுத்துப் பூட்டி வையுங்கள், அதில் இருப்பது எல்லாம் ஆங்கிலம் என்பதால் ஒரு வைத்தியர் குடும்பத்துக்கு வாசித்து விளக்கவேண்டும். விசாரணைக் குழுவில் அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்யாத ஒருவராவது கட்டாயம் இருக்கவேண்டும், கூட வேலை செய்பவரைக் கூட வேலை செய்பவரே விசாரித்தால் முடிவு சரியாக இருந்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். அப்புறம் முடிவைத் திகதி குறித்து எழுத்தில் குடும்பத்தின் கையில் கொடுங்கள். தவறு எதுவும் நடக்கவில்லை என்பதுதான் முடிவு என்றாலும் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

இதில் எதை, எப்போது தொடங்குவீர்கள் என்று பகிரங்கமாகப் பதில் தாருங்கள். இன்னும் பதில் கிடைக்காத குடும்பங்களின் பழைய கோப்புகளிலிருந்தே தொடங்கலாம்.

சித்தியின் பெறாமகன்,
யாழ்ப்பாணம்