ஆண்டறிக்கை: கான்செப்ட் ஆல்பங்களில் தனிமனிதனும் கூட்டமும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டு இசை கேட்பது என்று சென்ற பொதுக்குழு தீர்மானித்தது. தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு கதையையோ கருத்தையோ தொடர்ந்து சொல்லும் ராக் இசையின் கான்செப்ட் ஆல்பங்களில், தனிமனிதனுக்கும் அவனைச் சூழ்ந்த கூட்டத்துக்கும் இடையிலான பூசல் எவ்வாறு அமைகிறது என்பதே அப்பொருள். மாதந்தோறும் கூடி, தட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இடையில் நிறுத்தாமல் கேட்டு, பாடல் வரிகளைப் படித்த பிறகே பேசத் தொடங்கினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே முன்வைப்பார் என்பதால், கேட்டதையும் பேசியதையும் மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த, மூவர் கொண்ட ரஷ் குழு 1976இல் வெளியிட்ட '2112' ஆல்பமே எங்கள் காலத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. 1975இல் வந்த அவர்களுடைய 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' சரியாக விற்காததால், நீண்ட பாடல்களை விட்டுவிட்டு வானொலிக்கு ஏற்ற சிறு பாடல்களைத் தருமாறு அவர்களுக்கு நெருக்கடி இருந்தது. மூவரும் அதற்கு இணங்காமல், தட்டின் முதல் பக்கம் முழுவதையும், அதாவது 20 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தை, ஏழு பகுதிகள் கொண்ட ஒரே கதைக்குக் கொடுத்தார்கள். சிரிங்ஸ் கோயில்களின் பூசாரிகள் கணினிகளைக் கொண்டு ஆளும் ஓர் எதிர்கால உலகில், ஒருவன் அருவிக்குப் பின்னுள்ள குகையில் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். பூசாரிகள் அதை நொறுக்குகிறார்கள். அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான்.

பாடல் வரிகளை எழுதிய டிரம் கலைஞர் நீல் பியர்ட், தனிமனிதவாதத்தை வலியுறுத்திய எழுத்தாளர் அய்ன் ராண்டின் மேதைமைக்கு நன்றி தெரிவித்து உறையில் ஒரு வரி சேர்த்தார். 1938இல் வெளிவந்த ராண்டின் 'ஆன்தம்' குறுநாவலில் மின்விளக்கைக் கண்டறிபவன் அதை அறிஞர் அவையிடம் கொண்டுசென்று நிராகரிக்கப்படுவதும், கிட்டாரைக் கண்டவன் பூசாரிகளிடம் போய் நிற்பதும் ஒரே அச்சில் வார்த்தவை. நன்றிக்குறிப்பு ஒன்றாலேயே இந்த ஆல்பம் தனிமனிதவாதத்தின் கொடியாகப் பலருக்குத் தெரிகிறது. 1978இல் பிரிட்டிஷ் இசை வார இதழ் ஒன்று இவர்களைப் பாசிசச் சார்புடையவர்கள் போலச் சித்திரித்தது. பாடகர் கெடி லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்கள் என்பதை அறிந்து அதைப் படிக்கையில், குழுவினர் எவ்வளவு புண்பட்டிருப்பார்கள் என்பது புரிகிறது. தாம் ராண்டின் சீடரல்ல என்று பியர்ட்டும் பிற்காலத்தில் தெளிவுபடுத்தினார்.

வரிகளைப் பொறுமையாகப் படித்தபோது எனக்குப் பட்டதைச் செயலாளர் என்ற முறையில் அல்லாமல் ஓர் உறுப்பினராகவே சொல்கிறேன். கிட்டார் கிடைத்ததும் அவன் முதலில் நினைப்பது, இதை எல்லாரோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒவ்வொருவரும் தமக்கான இசையைத் தாமே உண்டாக்கட்டும் என்பதைத்தான். அந்தக் கிட்டாரை அவன் செய்யவுமில்லை. முன்னோர் இனம் ஒன்று விட்டுச்சென்ற பொருள் அது. ராண்டின் நாயகன் காட்டுக்குள் போய், தன்னைத் தேடி வந்தவளோடு வாழ்ந்து, 'நான்' என்ற சொல்லைக் கண்டடைகிறான். ரஷ்ஷின் நாயகனோ பகிர ஆளில்லாததால் மடிகிறான். நன்றிக்குறிப்பு ஒரு பக்கம் இழுக்க, கதை வேறு பக்கம் போகிறது என்றே நான் கருதுகிறேன். இசையும் இதற்குச் சான்று தருகிறது. குழுவின் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் தம் கிட்டாரின் நரம்புகளை ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்துத் தயங்கித் தயங்கி வாசிப்பதை நீரோசைக்கு நடுவே கேட்கிறோம். பூசாரிகளின் கிறீச்சிடும் குரலையும் நாயகனின் மென்குரலையும் கெடி லீ ஒருவரே பாடுகிறார். தனியொருவனின் கதையை மூன்று பேர் ஒருவரையொருவர் உன்னிப்பாகக் கேட்டு வாசித்திருக்கிறார்கள். இறுதியில் 'நாங்கள் பொறுப்பேற்றுக்கொண்டோம்' என்று அறிவிப்பவர்கள் பூசாரிகளா, திரும்பி வந்த முன்னோரா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு தீரவில்லை. முன்னோரே என்று கொண்டால், விடுதலையையும் ஒரு கூட்டமே கொண்டுவருகிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னதை அனைவரும் ஏற்றோம்.

அடுத்து இரு மாதங்கள், பிங்க் ஃப்ளாய்ட் குழு 1979 நவம்பரில் வெளியிட்ட 'தி வால்' இரட்டைத் தட்டைக் கேட்டோம். 1977 ஜூலையில் மான்ட்ரியல் ஒலிம்பிக் அரங்கில் ரசிகர் ஒருவர் மீது அக்குழுவின் ராஜர் வாட்டர்ஸ் காறி உமிழ்ந்தார். தம் செயலால் தாமே அதிர்ந்த அந்த வெட்கத்திலிருந்தே இந்தச் சுவர் எழுந்தது. போரில் இறந்த தந்தை, அவமதிக்கும் பள்ளி எனச் செங்கல் மேல் செங்கல் அடுக்கித் தன்னை மூடிக்கொள்ளும் பிங்க் என்ற பாடகன், உள்ளேயே அழுகி, கடைசியில் கூட்டத்தை ஏவிவிடும் சர்வாதிகாரியாகத் தன்னையே கற்பனை செய்கிறான். முற்றிலும் தனித்தவனும் வெறிகொண்ட கூட்டமும் ஒரே உடலில் இருப்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன வேறு ஆல்பத்தை நான் கேட்டதில்லை. இதன் பதிவுக் காலத்திலேயே கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் மேடைகளில் சம்பளத்துக்கு வாசித்தார் என்பது கேட்கும்போது மனத்தை உறுத்துகிறது.

தி ஹூ குழுவின் 1973ஆம் ஆண்டு 'குவாட்ரோஃபீனியா'வுக்கு ஒரு மாதக் கூட்டத்தை மட்டுமே ஒதுக்க முடிந்தது. 1960களின் பிரிட்டனில் நவநாகரிக உடையும் ஸ்கூட்டருமாகத் திரிந்த 'மாட்' (Mod) இளைஞர் கூட்டத்தில் கரைந்துவிட ஏங்கும் ஜிம்மி, தான் வியந்த மாட் நாயகன் ஓட்டலில் பெட்டி தூக்குவதைப் பார்த்து உடைந்துபோகும் இடத்தை மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று பலரும் கேட்டுள்ளனர்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு ஒரு முன்மொழிவை வைக்கிறது. நாங்கள் கேட்ட ஆல்பங்கள் எல்லாம் கூட்டத்திலிருந்து காயப்பட்டுத் திரும்புபவனையே பாடின. தி ஹூவின் பீட் டவுன்ஷெண்ட் 1971இல் முயன்ற 'லைஃப்ஹவுஸ்' அதற்கு நேர்மாறானது: கேட்போரும் வாசிப்போரும் ஒரே சுரத்தில் ஒன்றாகக் கரைய வேண்டும் என்று விரும்பி, லண்டன் யங் விக் அரங்கில் பார்வையாளர்களைக் கூட்டி அவர் சோதனை செய்தார். திட்டம் நிறைவேறவில்லை, அதற்காக எழுதிய பாடல்கள் பல, அதே ஆண்டில் 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தில் உதிரிகளாக வந்தன. அவற்றைக் கதையின் வரிசையில் அடுக்கி, முதல் கூட்டத்திலேயே கேட்கலாம் என்ற இம்முன்மொழிவையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்