47 தரைத்தொட்டிகளுக்கு இன்னும் மூடி இல்லை: பங்குனிக்குள் ₹86,300 தேவை

அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், பிழைப்புக்காக வெளியூர் போயிருக்கும் பங்காளிகள், மாமன் மச்சான்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குச் சுவர் எழுப்பியவர்கள் நம் தாத்தன்மார். கூலி கம்பும் கேழ்வரகுமாக வந்த காலம் அது. வீட்டுக்கு ஒரு வண்டி கல், ஆளுக்கு மூன்று நாள் வேலை, சுண்ணாம்பு அரைக்க முறைவைத்துக் காளைகள் என்று கட்டிய சுவர். இன்றுவரை ஒரு கல் பெயரவில்லை. கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிறது; பிடித்துவைக்க வீட்டுக்கு வீடு தரைத்தொட்டி. ஆக, ஊர்க் கோடியில் இருந்த கிணறு வாசலுக்கே வந்துவிட்டது. சுவர் மட்டும் கூட வரவில்லை.

2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பிள்ளை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, விடிய விடிய டிவி முன் உட்கார்ந்து அழுதோம். பிறகு நம் ஊரில் கைவிட்ட போர்க்குழிகளை அடிவரை மண்ணிட்டு நிரப்பி, குழாய் வாயில் இரும்புத் தகடு பற்றவைத்தோம். வாசல் தொட்டி யார் நினைவுக்கும் வரவில்லை.

சென்ற ஆண்டு 84 தொட்டிகளில் 37-க்கு மூடி போட்டாயிற்று. முதல் மாத ஓய்வூதியத்தை உறை பிரிக்காமல் தந்த ஆசிரியை அம்மா, வெல்டிங் கூலியில் பாதி தள்ளிய பட்டறைக்காரர், சிங்கப்பூரிலிருந்து மூன்று தவணையாக அனுப்பிய பிள்ளைகள், நூறு நாள் வேலைக் கூலியில் ஆளுக்கு ₹200 போட்ட தாய்மார்கள், பெயரே வேண்டாம் என்று உண்டியலில் ₹5,000 போட்டுப் போன புண்ணியவான், எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறோம். மாரியம்மன் அவர்கள் குலத்தைக் காக்கட்டும்.

கடப்பாக்கல் இருக்கிறதே என்பவர்களுக்கு: கல்லை நகர்த்தத்தான் முடியும், பூட்ட முடியாது. அதுவும் ஆபத்து தண்ணீர் வருகிற நேரத்தில்தான். ஓஸைப் போட்டு, கல்லைப் பாதி தள்ளிவைத்து, அடுத்த குடம் வைக்க உள்ளே போகிறோம். தவழும், தத்தி நடக்கும் பிள்ளைக்குத் தலைதான் பாரம். குனிந்தால் தலைகீழாகப் போகும், சத்தமும் வராது. பாதி வாளித் தண்ணீரே போதும். ஆகவே நம் மூடியில் மூலையில் ஓஸ் நுழைய ஒன்றரை அங்குலத் துளை உண்டு. நிரப்பத் திறக்கவே வேண்டாம். இரண்டடி வாய்க்கு 26 அங்குல மூடி, 3 மி.மீ. தகடு, கீல், பூட்டு. கழுவத் திறந்தாலும் பிள்ளை விழாதபடி அடியில் மூன்று அங்குல இடைவெளியில் கம்பி வலை. துரு பிடித்தால் முதலில் போவது கீல்தான். ஆண்டுக்கொரு முறை ரெட் ஆக்சைடு அடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

கணக்கு: மூடி, சட்டம், பூட்டு ₹2,200. வலை ₹850. சிமெண்ட், கொத்தனார் கூலி ₹450. ஒரு தொட்டிக்கு ₹3,500; 47-க்கு ₹1,64,500. பிள்ளைகளுக்கான முதலுதவி, பாதுகாப்புப் பயிற்சிக்கு ₹18,000. மொத்தம் ₹1,82,500. கையிருப்பு ₹96,200. பட்டறை சொன்ன விலை பங்குனி முடியும்வரைதான்.

பயிற்சி முக்கியமாகப் பாட்டிமாருக்கு. பள்ளி விட்டதும் பேரப் பிள்ளைகள் வந்து இறங்கும் வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான். தாத்தாவின் சர்க்கரை மாத்திரைகளில் சில, ஒன்றே ஒன்று போனாலும் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம். தலையணைக்கடி மாத்திரை இனி பூட்டிய பெட்டிக்கு. மண்ணெண்ணெயைக் கலர் பாட்டிலில் ஊற்றக் கூடாது. குடித்துவிட்டால் உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் பழைய தவறு: நுரையீரலுக்குள் போய்விடும், நேரே 108-ஐ அழையுங்கள். குளிக்க வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகே வெந்நீர். ரசம் கொட்டினால் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்ற வேண்டும்; பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கடலையோ புளியங்கொட்டையோ அடைத்து அழவும் இருமவும் முடியாத ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்செலும்பில் ஒரு கையின் உள்ளங்கை அடிப்பாகத்தால் 5 அழுத்தம், மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாததைத் தேடி வாயில் விரல் விடக் கூடாது. கேட்டால் புரியாது, பொம்மையில் செய்து பழக வேண்டும். பொம்மைக்குத்தான் அந்த ₹18,000-இல் பெரும்பங்கு.

தேர் வரியை ஒரு வீடும் பாக்கி வைத்ததில்லை. காதணி விழாவில் மைக்கில் வாசிக்கும்படி மொய் எழுதுகிறோம். ஆனால் சென்ற ஆண்டு சபையில் எழுந்து ஒப்புக்கொண்ட 11 பேர் இன்னும் தரவில்லை. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். அதில் நான்கு பேர் வீட்டுத் தொட்டிக்கு மூடி போட்டாயிற்று என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

வெள்ளி, ஞாயிறு மாலை 6 மணிக்குமேல் கோயில் மண்டபத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் தர வேண்டாம். பணமாக முடியாதவர்கள் ஒரு நாள் சித்தாள் வேலைக்கு வந்தாலும் ₹600 என்று கணக்கில் வைப்போம். தொட்டி வாய் இரண்டடிக்கு மேல் உள்ளவர்கள் அளவை இந்த ஞாயிறுக்குள் எழுதித் தாருங்கள். தகடு வெட்டிய பிறகு மாற்ற முடியாது.

இப்படிக்கு,
ஊர் நலக் குழுவினர்